மனை வாங்க வந்த சித்தாள்

அந்த வருஷம் கள்ளக்குறிச்சியில் வீடு கட்டுகிற வேலை படுத்துவிட்டது என்று எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நானே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். துருகம் சாலையில் நாங்கள் பாதியில் விட்டுவந்த ஒரு வீட்டின் சாரத்தில் பீர்க்கங்கொடி ஏறியிருந்தது. ஏறியதோடு நிற்காமல் பூத்துக் காய்த்து, பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் முறத்தோடு வந்து பறித்துக்கொண்டு போனாள். அதற்கு இரண்டு தெரு தள்ளி, அஸ்திவாரக் கடக்காலுக்குத் தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்று, ஒரு எருமை அதில் சுகமாகப் படுத்துக் கிடந்தது. கலவை மெஷினை வாடகைக்கு விடுகிறவரின் மெஷினுக்குள் கோழி அடைகாத்தது. சென்ட்ரிங் பலகைக்காரர் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்த பலகைகளின் மேலேயே பாய் விரித்து மத்தியானம் தூங்கினார். சிமெண்டுக் கடைக்காரர் மூட்டைகள் இறுகிப்போகாமல் இருக்க வாரத்துக்கு ஒருமுறை அவற்றைப் புரட்டிப் போட்டார். அதற்குக்கூட எங்களைக் கூப்பிடாமல் அவரும் அவர் மச்சானுமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புரட்டினார்கள்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நான்கு வருஷமாகச் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மா களை எடுக்கப் போவாள். அண்ணன் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினான்.

படிப்பிலும் சர்க்கார் வேலையிலும் எங்கள் ஜனத்துக்குத் தனியாக இடம் வேண்டும் என்று கேட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. திடீர் திடீரென்று சாலையை மறிப்பார்கள். பெரிய பெரிய புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். பஸ் நிற்கும். லாரி நிற்கும். ஜல்லி ஏற்றிய லாரி ஜல்லியோடே மூன்று நாள் சாலையில் நிற்கும். ரோடு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தெரியாதபோது கையில் காசு வைத்திருக்கிறவன் எவன் கடக்கால் தோண்டுவான்? மனை வாங்க நினைத்தவன் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். பாதி கட்டியவன் ஓலையைப் போட்டு மூடிவிட்டுக் குடி புகுந்தான்.

எங்கள் வீட்டில் இதில் ஒரு வேடிக்கை இருந்தது. மறியலுக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தவன் என் அண்ணன். அவன் மறித்த லாரியில் வரவேண்டிய மணலுக்காகத்தான் நான் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு, "ஒருத்தன் ரோட்டுல குந்திக்கினு கீறான், ஒருத்தி வூட்டுல குந்திக்கினு கீறா. எழுந்து நடக்கறது நான் ஒருத்திதான்" என்பாள்.

வேலை இல்லையென்றாலும் காலையில் நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடை முன்னால் போய் நிற்பதை விடவில்லை. மேஸ்திரி யாராவது வந்தால் ஆள் எடுப்பார். வரமாட்டார் என்று தெரிந்தும் தூக்குச் சட்டியும் சும்மாட்டுத் துணியுமாக நிற்போம். அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான், கஷ்டம் அப்புறமாகத்தான் வருகிறது. வேலை இருந்த நாளில் எங்களுக்குப் பேச நேரம் இல்லை. இப்போது பேச்சைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பசி வயிற்றில் சிரிப்பு சீக்கிரம் ஏறிவிடும் என்பது அப்போது தெரிந்தது. ஒருத்தி தும்மினால்கூடச் சிரிப்போம்.

எங்களைச் சிரிக்க வைத்ததில் பெரிய பங்கு அக்காவுடையது. அவள் எனக்குச் சொந்தம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் தலையில் சும்மாடு சரியாக வைத்துவிட்டவள், அதனால் அக்கா. பக்கத்துக் காலனியில் இருந்து வருவாள். புருஷன் விட்டுவிட்டுப் போனதைக்கூட சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவாள். ஆனால் ஒரு நாள் நான் மறியலைப் பற்றி ஏதோ விளையாட்டாகப் பேசியபோது அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ரோடு மறியலோட போவுது. எங்க பக்கம் கூர எப்ப எரியுமோன்னு குடத்துல தண்ணி ரொப்பி வச்சிக்கினு கீறோம்" என்றாள். வேறு ஊர்களில் அப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டிருந்தோம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "உடு, கை வேர்க்குது" என்று உதறிவிட்டுச் சிரித்தாள்.

எங்களோடு நின்ற இன்னொருவர் கொத்தனார். இருபத்து நான்கு வயசிருக்கும். சின்னசேலம் போகிற வழியில் ஒரு ஊர். இரண்டு வருஷமாக அவருக்கு நான் கலவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது இரண்டே வார்த்தை. ஒன்று, "தண்ணி ஜாஸ்தி." இன்னொன்று, "தண்ணி கம்மி." சுவர் மட்டும் நூல் பிடித்த மாதிரி ஏறும். அந்த நேர்த்தியைப் பார்ப்பதற்காகவே நான் அவருக்குச் சித்தாளாக நிற்க முண்டியடிப்பேன் என்பது அக்காவுக்குத் தெரியும்.

ஆனி முடியப்போகிற ஒரு வெள்ளிக்கிழமை, மொபெட்டில் ஒருவர் வந்து டீக்கடை முன்னால் நின்றார். பதினைந்து இருபது பேர் ஒன்றாக எழுந்து ஓடினோம். அவர் பயந்து மொபெட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். கச்சிராயபாளையம் சாலையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைந்த தன் கொல்லையைச் சமப்படுத்தி, வெள்ளையடித்த கல் நட்டு மனை போட்டிருந்தவர் அவர். முதல் மாதம் நான்கைந்து மனை விற்றதாகச் சொன்னார்கள். பிறகு ஒன்றுகூட விற்கவில்லை.

"கடக்கால் போடறீங்களா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"கடக்கால் இல்ல. நல்ல துணி வச்சிருக்கறவங்க யார் யாரு?"

நல்ல துணிக்கும் கட்டட வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

"வேலன்னு ஒண்ணும் கெடையாது" என்று அவர் விளக்கினார். "ஞாயித்துக்கெழம வெள்ளிமலையிலேர்ந்து ஒரு பார்ட்டி வர்றாங்க. வாத்தியாரு, அவரு சம்சாரம். எடம் வெறிச்சோன்னு கெடந்தா வந்தவங்க திரும்பிப் பாக்காம ஓடிப்போயிடுவாங்க. நாலு பேரு அங்க மனை பாக்கற மாதிரி நடந்துக்கினு இருக்கணும். அவ்ளோதான். மத்தியானம் சாப்பாடு, அரை நாள் கூலி."

"நடக்கறதுக்கா கூலி?" என்றாள் அக்கா.

"நடக்கறதுக்குத்தான். ஆடி பொறந்துட்டா எவனும் மனை பாக்க வரமாட்டான். எனக்கு இந்த ஒரு ஞாயித்துக்கெழமதான் இருக்குது."

அவர் முகம் எங்கள் முகம் போலத்தான் இருந்தது. அதனால்தானோ என்னவோ சரி என்றோம். ஆறு பேரைப் பொறுக்கினார். அக்காவுக்கு, பட்டாளத்தில் இருக்கிற புருஷனுக்காக இடம் பார்க்க வந்த அம்மாள் வேஷம். மூன்று பேருக்கு எறையூர்ப் பக்கத்து அண்ணன் தம்பிகள் வேஷம். கடைசியாக என்னையும் கொத்தனாரையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் புதுசா கல்யாணம் ஆன ஜோடி" என்றார்.

அக்கா டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நான் தரையைப் பார்த்தேன். கொத்தனார் என்ன சொல்லுவாரோ என்று காது மட்டும் நிமிர்ந்து நின்றது.

"என்னாண்ட பேண்டு இல்லியே" என்றார் அவர்.

இரண்டு வருஷத்தில் அவர் பேசி நான் கேட்ட மூன்றாவது வார்த்தை அதுதான்.

பேண்டு கிடைத்தது. துருகம் சாலையில் அந்தப் பீர்க்கங்கொடி வீட்டின் மேல் திருஷ்டி பொம்மை கட்டியிருந்தோம். வைக்கோல் திணித்து, வீட்டுக்காரரின் பழைய பேண்டும் சட்டையும் மாட்டி, தலைக்குச் சட்டி கவிழ்த்த பொம்மை. வேலை நின்று எல்லோரும் போன பிறகும் அது மட்டும் வெயிலிலும் மழையிலும் காவல் நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமை கொத்தனார் ஏறிப் போய் அதன் பேண்டைக் கழற்றினார். பொம்மையை அம்மணமாக விடக் கூடாது என்று தன் பழைய கைலி ஒன்றை அதற்குக் கட்டிவிட்டு இறங்கினார். அக்கா அந்தப் பேண்டை இரண்டு தரம் சோப்புப் போட்டுத் துவைத்தாள். இஸ்திரி போட்டபோது கால் பகுதியிலிருந்து வைக்கோல் வந்ததாம். கொக்கி மட்டும் இல்லை. சட்டையை வெளியே விட்டு, அரைஞாண் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

எனக்கு மூன்றாவது வீட்டு மதனியின் மயில்கழுத்து நிறப் புடவை கிடைத்தது. செருப்பும் அவளுடையதுதான். நான் அதுவரை செருப்புப் போட்டு நடந்ததில்லை. கைப்பை ஒன்று வேண்டும் என்று மனைக்காரர் சொல்லியிருந்தார். அதையும் அக்கா எங்கிருந்தோ கொண்டுவந்தாள். காலிப் பை காற்றில் ஆடினால் நன்றாக இருக்காது என்று உள்ளே ஒரு அரைச் செங்கல்லைப் போட்டுக் கொடுத்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு ஒன்று கட்டிக்கொள்ளச் சொன்னதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. விளையாட்டுக்குக் கட்டுகிற பொருள் இல்லை அது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே போய்விட்டோம். மூங்கிலில் வளைவு கட்டி, காகிதத் தோரணம் தொங்கவிட்டிருந்தார். உள்ளே நேர் நேராகச் செம்மண் பாதை. பாதைகளுக்கு நடுவே வெள்ளைக் கற்கள். ஒரு வீடு இல்லை. தூரத்தில் கல்வராயன் மலை மேகத்தோடு நீலமாகக் கிடந்தது. பதினோரு மணி ஆகியும் ஜீப் வரவில்லை. மனைக்காரர் வளைவுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். எங்களையும் சும்மா இருக்க விடவில்லை. "பேசிக்கினு நடங்க. மனை வாங்கறவங்க சும்மா நடக்கமாட்டாங்க, சண்ட போட்டுக்கினுதான் நடப்பாங்க" என்றார்.

நானும் கொத்தனாரும் பதினேழாம் நம்பர் கல்லுக்குப் பக்கத்தில் நின்றோம். இருவருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. என் குதிகாலில் செருப்பு கடித்தது. கடைசியில் நான்தான் கேட்டேன்.

"சமையக்கட்டு எங்க வப்பீங்க?"

அவர் இடத்தை ஒரு பார்வை பார்த்தார். ஒரு குச்சியை எடுத்துச் செம்மண்ணில் கோடு போட ஆரம்பித்தார். "இங்க வாசல். உள்ள வந்தா கூடம். இது ரூம்பு. சமையக்கட்டு இந்த மூலையில."

"அங்க வச்சா பொக எல்லாம் கூடத்துக்குத்தான் வரும். காத்து மலைப்பக்கத்துலேர்ந்து அடிக்குது பாருங்க."

"ஜன்னல் வச்சிட்டா போயிடும்."

"ஜன்னல் வச்சா மட்டும் பொக ஜன்னலத் தேடிக்கினு போவுமா? அடுப்பாண்ட நிக்கறது நானு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காலால் அந்தக் கோட்டை அழித்துவிட்டு வேறு மூலையில் போட்டார். அவ்வளவுதான், அதற்கப்புறம் எங்கள் இருவரையும் யாராலும் நிறுத்த முடியவில்லை. மாடிப்படி வெளியிலா உள்ளேயா என்று சண்டை போட்டோம். தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று சண்டை போட்டோம். கூடத்துத் தரைக்குச் சிவப்பு சிமெண்டு போதும் என்று நான் சொன்னேன், ஓரத்தில் கறுப்பு வரி ஓட்டலாம் என்று அவர் சொன்னார். எத்தனையோ வீட்டுக்கு நான் கல் சுமந்திருக்கிறேன், எத்தனையோ வீட்டுக்கு அவர் சுவர் எழுப்பியிருக்கிறார். எந்த வீட்டிலும் எங்களிடம் யாரும் எது எங்கே வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எவ்வளவு சொல்லியிருப்போம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றியது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்ததும் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. பூசை அறைக்குப் போகும்போது நான் கோட்டைத் தாண்டிவிட்டேன். "செவுத்துக்குள்ள பூந்து போறியே" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. மேல்பல் ஒன்று லேசாக ஏறியிருந்தது. அழகாக இருந்தது.

ஜீப் வந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. அக்கா செருமிய செருமலில்தான் திரும்பிப் பார்த்தோம்.

வாத்தியாருக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடி போட்டவர், நிதானமாகப் பேசுகிறவர். அவர் சம்சாரம் எலவனாசூர்கோட்டைப் பக்கத்துப் பெண். ஜீப்பில் இருந்து அவள் இறங்கும்போது இடுப்பில் ஒரு பெரிய பலாப்பழம். மலையில் யாரோ கொடுத்தார்களாம். பிள்ளைகள் மேல்படிப்புக்குக் கீழே வரவேண்டும் என்பதால் கள்ளக்குறிச்சியில் ஒரு இடம் பார்க்கிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

மனைக்காரர் வாய் மூடவில்லை. பஸ் ஸ்டாண்டு எவ்வளவு கிட்டே, ஆஸ்பத்திரி எவ்வளவு கிட்டே என்று சொல்லிக்கொண்டே வந்தார். "இதோ பாருங்க, இவங்ககூட புதுசா கல்யாணம் ஆனவங்க. பதினேழு வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க" என்று எங்களைக் காட்டினார்.

வாத்தியார் கொத்தனாரைப் பார்த்து, "உங்களுக்கு எடம் புடிச்சிருக்குதா தம்பி?" என்று கேட்டார்.

புடிச்சிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் கேட்டது மண்ணைப் பற்றி, கேட்கப்பட்டவர் கொத்தனார். "எடம் நல்லாதாங்க கீது. இந்தப் பக்கம் மேடு. அந்தக் கோடி பள்ளம், அங்க வாணாம். மழ பேஞ்சா தண்ணி அங்கதான் போய் நிக்கும். மண்ணும் அங்க களி. கடக்கால் இடுப்பளவு ஆழம் போவணும். இல்லன்னா ரெண்டே வருசத்துல செவுரு வெடிச்சிடும்" என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். மனைக்காரர் அவருக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினார். கொத்தனார் கவனிக்கவில்லை. வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

இங்கே வாத்தியார் சம்சாரம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணம் ஆயி எத்தன நாளு ஆச்சும்மா?"

எனக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "இன்னைக்கிதாங்க" என்றேன்.

"இன்னைக்கா? தாலி கட்டிட்டு நேரா மனை பாக்க வந்துட்டீங்களா?"

"ஆமாங்க. அவருக்கு வூடுன்னா உசுரு."

அவளுக்கு என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும். பலாப்பழம் அவள் இடுப்பில் வழுக்கிக்கொண்டிருந்தது. "இத கொஞ்சம் புடியேன்" என்று நீட்டினாள். நான் வாங்கினேன். வாங்கியதும் என் கை செய்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. முந்தானையை ஒரு சுற்றுச் சுற்றித் தலையில் வைத்து, ஒரே தூக்கில் பழத்தை அதன்மேல் ஏற்றி, இரண்டு கையையும் கீழே விட்டுவிட்டேன். கடிக்கிற செருப்பை உதறிவிட்டு, வெள்ளைக் கல்லைத் தாண்டி, மண்மேட்டில் ஏறி, கைப்பையை ஆட்டிக்கொண்டு நடந்தேன். பழம் ஒரு நூல்கூட அசையவில்லை. பத்தடி போன பிறகுதான் பின்னால் யாரும் வரவில்லை என்று உறைத்தது. திரும்பினேன். முந்தானை தலையில், வெறும் கழுத்து வெயிலில்.

வாத்தியார் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு பொத்த முடியவில்லை. "நீ சித்தாளுதானே?" என்று கேட்டுக்கொண்டே சிரித்தாள். அக்கா அதற்காகவே காத்திருந்தவள் போல வெடித்தாள். அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள். கொத்தனார் சிரித்த சிரிப்பில் அரைஞாண் முடிச்சு அவிழ்ந்து, இரண்டு கையாலும் பேண்டைப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் என்ன என்று விளங்காமல் எல்லோரையும் பார்த்தார். நான் பலாப்பழத்தோடே சிரித்தேன். அப்போதும் அது விழவில்லை.

மனைக்காரர் மட்டும் பதினெட்டாம் நம்பர் கல்லின் மேல் உட்கார்ந்தார். "வேற வழி தெரியலீங்க" என்றார் வாத்தியாரிடம். "ஊர ஏமாத்தற ஆளு இல்ல நான். நாலு மாசமா ஒரு ஈ காக்கா வர்ல."

வாத்தியார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கல் தள்ளி உட்கார்ந்து, "ஏமாத்தறதுன்னா, கடக்கால் இடுப்பளவு போவணும்னு எவனாவது சொல்லுவானா?" என்றார்.

அந்த நேரத்தில் ரோட்டில் போன ஒரு சைக்கிள்காரர், கச்சிராயபாளையத்துக்கு முன்னாலேயே மரம் சாய்த்துவிட்டார்கள், ஜீப் போகாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, வாத்தியாரும் சம்சாரமும் மலைக்குத் திரும்ப வழி இல்லை. மனைக்காரர் சொன்ன வார்த்தை தவறாமல் டவுனில் இருந்து சாம்பார் சாதம் வரவழைத்தார். கொத்தனார் கோடு போட்ட கூடத்தில்தான் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பலாப்பழத்தை அக்கா அறுத்தாள். வாத்தியார் சம்சாரம் என்னைச் சுளை எடுக்கச் சொன்னபோது, எழுந்து போய்ச் சமையற்கட்டில் உட்கார்ந்துதான் எடுப்பேன் என்று நான் அடம்பிடித்தேன். ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் கூடம், அந்தப் பக்கம் சமையற்கட்டு. யாரும் சுவரைத் தாண்டவில்லை. எல்லோரும் வாசல் வழியாகவே வந்து போனார்கள். சாயங்காலம் ரோடு திறக்கிற வரைக்கும் அப்படியே இருந்தோம்.

வாத்தியார் மனை வாங்கவில்லை. காலம் சரியாகட்டும், பார்க்கலாம் என்றுவிட்டார். ஆனால் கிளம்பும்போது கொத்தனாரைக் கூப்பிட்டு, வெள்ளிமலையில் அவர் குடியிருக்கிற வீட்டில் பின்சுவர் சரிந்து கிடக்கிறது, வந்து கட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். "சித்தாளு ரெண்டு பேரு வேணும்" என்று கொத்தனார் சொன்னார். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை.

அடுத்த புதன்கிழமை நானும் அக்காவும் அவரும் ஜீப்பில் மலை ஏறினோம். மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவள், அன்றைக்குத்தான் முதல் முறையாக அதன்மேல் போகிறேன். ஜீப்பில் எங்களோடு பதினாறு பேர், ஒரு ஆடு, உப்பு மூட்டை. ஒவ்வொரு வளைவிலும் நான் அக்காமேல் விழுந்தேன், அடுத்த வளைவில் ஆடு என்மேல் விழுந்தது. கீழே எங்கள் ஊர் எங்கே என்று தேடினேன். எல்லாம் பச்சையும் பழுப்புமாகக் கலந்து கிடந்தது. குளிர்ந்த காற்று மூக்கில் ஏறியது. எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே வந்தேன். "இவளுக்கு மல ஏறினதும் கழண்டுபோச்சு" என்று அக்கா ஜீப்புக்கே சொன்னாள்.

ஒன்பது நாள் வேலை. அங்கே சிமெண்டு இல்லை, மண்ணும் கல்லும்தான். கொத்தனார் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது உட்காருகிற மாதிரி உட்கார வைப்பார். தூறல் விழும், நிற்கும், மறுபடி விழும். சாமைச் சோறு, கீரை. வாத்தியார் சம்சாரம் அடுப்படிச் சுவரை இடித்துக் கட்டும்போது என்னையே கேட்டுக் கேட்டு மேடை உயரம் வைத்தாள். எட்டாவது நாள், வேலை முடியப்போகிற நேரத்தில், அவள் எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டுக் கொத்தனாரிடம் கேட்டாள். "அன்னைக்கி பொய் சொன்னது இருக்கட்டும். நெசமா எப்ப?"

அவர் சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, துடைத்து, பையில் வைத்துவிட்டு, "அவங்கள கேளுங்க. எனக்கு சம்மதம்தான்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையில் கலவைச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"தண்ணி கம்மியா ஜாஸ்தியான்னு மட்டும் பேசிக்கினு இருந்தா நான் கட்டிக்கமாட்டேன்" என்றேன். "பேசணும்."

"பேசறேன்" என்றார்.

வீட்டில் அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை இல்லாத கொத்தனாருக்கு வேலை இல்லாத சித்தாளைக் கட்டிவைத்தால் யார் யாருக்குச் சோறு போடுவது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆடிப் பட்டத்தில் மனைக்காரர் அதற்கு ஒரு வழி செய்தார். ஏர் பூட்டி, வெள்ளைக் கற்களைப் பிடுங்காமல் அவற்றுக்கு நடுவிலேயே மல்லாட்டை விதைத்தார். விதை போடவும் களை எடுக்கவும் எங்களையே கூப்பிட்டார். அம்மாவும் வந்தாள். "ஒம்போதாம் நம்பர்ல கோரை ஜாஸ்தி, அங்க போங்க" என்று அவர் மனை நம்பரைச் சொல்லித்தான் எங்களை அனுப்புவார். கொத்தனார் எனக்கு அடுத்த வரிசையில் குனிந்து களை எடுத்தார். களைக்கொட்டு பிடிக்கவே தெரியவில்லை அவருக்கு. அம்மா மூன்று நாள் அதைப் பார்த்தாள். நான்காவது நாள், "இப்புடிப் புடி தம்பி" என்று அவர் கையில் இருந்து வாங்கிக் காட்டினாள். சம்மதம் அப்படித்தான் வந்தது.

ஆவணியில் எங்கள் தெருக் கோயிலில் கல்யாணம். அன்றைக்கும் பஸ் ஓடவில்லை. தாலி கட்டி, சாப்பாடு முடிந்த பிறகும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் திரும்பிப் போக வழி இல்லாமல் எங்கள் தெருவிலேயே இரண்டு நாள் தங்கினார்கள். மூன்றாம் நாள் காலையில், இனிமேல் காத்திருந்தால் ஊரில் மாடு கத்தும் என்று அவர் பெரியப்பா முடிவுசெய்ய, எல்லோரும் நடந்தே கிளம்பினோம். பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால், முப்பது பேர் பின்னால். அக்கா பாதி தூரம் வந்துவிட்டுத் திரும்பினாள்.

அவர் ஊருக்குப் போகிற அந்தச் சேலம் சாலையில் நான் எத்தனையோ தரம் லாரிக்குப் பயந்து ஓரத்து முள்ளில் ஒதுங்கி நடந்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு வண்டி இல்லை. நட்டநடுவில் நடந்தோம். அவர் பேசிக்கொண்டே வந்தார். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தது, முதல் முதலாகக் கட்டிய சுவர் மறுநாளே விழுந்தது, அவர் அம்மாவுக்கு ஒரு காது கேட்காது, அதனால் நான் உரக்கப் பேச வேண்டும் என்பது, எல்லாம். வழியில் ஒரு இடத்தில் மரம் குறுக்கே கிடந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கல்யாணக் கோலத்தைப் பார்த்துவிட்டு எழுந்து ஒரு கிளையைத் தூக்கிப் பிடித்தார்கள். குனிந்து உள்ளே புகுந்தேன். தலைப்பூவில் பாதி அந்தக் கிளையில் மாட்டிக்கொண்டு நின்றது.

ஊர் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வீட்டுக் காவலுக்கு ஊரிலேயே தங்கிவிட்ட மாமியார் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. "பசிக்குதா?" என்று கேட்டாள். அவர் வழியில் சொன்னதை நினைத்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்க, "ரொம்பப் பசிக்குதுங்க அத்த" என்றேன். மாமியார் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தாள். வாசலில் நின்றபடியே மூன்று சாப்பிட்டேன்.